பின்வரிசையில் ஒருவர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீலகிரியில் பந்தலூர் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஒன்று முதல் மூன்று வரை என் பொறுப்பு. நான்கும் ஐந்தும் தலைமையாசிரியருக்கு. அவ்வப்போது வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநர் வருவார். பின்னால் உட்கார்ந்து செல்போனில் டிக் அடித்துக்கொண்டே இருப்பார். அன்று முழுக்க எனக்குக் கை நடுங்கும். இப்போது தலைமையாசிரியர், "வாரம் ஒரு பீரியட் நீ என் வகுப்பைப் பாரும்மா, நான் உன் வகுப்பைப் பார்க்கிறேன்" என்கிறார். நல்ல மனிதர்தான். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. இதில் உண்மையிலேயே பயன் உண்டா? என் பெயர் வேண்டாம்.

அன்புள்ள டீச்சர்,

கை நடுங்காமல் என்ன செய்யும்? நான் கோத்தகிரிப் பக்கம் வாத்தியாராக இருந்தபோது, பள்ளியைப் பார்வையிட ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அலுவலர்) வருகிறார் என்ற சேதி அவர் ஜீப்புக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடும். காலை பஸ் கண்டக்டர் சொல்லிவிட்டுப் போவார். உடனே முந்தின நாள் பாடத்தையே எடுத்து மறுபடி நடத்துவேன். ஒருமுறை அவர் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு பையன் எழுந்து, "சார், இது நேத்தே முடிஞ்சிருச்சே" என்றான்.

அந்த செல்போன் டிக் வீண் என்று சொல்லமாட்டேன். எத்தனை பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லை என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். ஆனால் நாளைக் காலை பத்து மணிக்கு நீங்கள் எதை மாற்றிச் செய்யலாம் என்று அது சொல்லாது. உங்கள் தலைமையாசிரியர் கேட்பது வேறு காரியம்.

எனக்கு அது தற்செயலாக வாய்த்தது. ஓர் ஐப்பசி மழையில் பக்கத்து அறை ஒழுகியதால், அந்த டீச்சர் தன் பிள்ளைகளோடு என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். சும்மா இருக்க முடியாதவர். மதியம் ஒரு தாளை நீட்டினார். பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வரிசைப்படி கட்டங்கள். நான் யாரிடம் கேள்வி கேட்டேனோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. கதவுப் பக்கம் கோடுகள் நெருக்கியடித்தன. ஜன்னல் பக்கம் நான்கு கட்டங்கள் வெறுமை. எல்லாப் பிள்ளைகளையும் கேட்கிறவன் என்று சத்தியமே செய்திருப்பேன். டீச்சர் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பக்கம் ரொம்பக் குளிருதோ சார்?" ஜன்னல் கண்ணாடி உடைந்திருந்தது. பனிக்காற்றுக்குப் பயந்து நான் அந்தப் பக்கமே போனதில்லை. பிள்ளைகள் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

பி.எட். படித்தவர்கள் ஃபிளாண்டர்ஸைப் படித்திருப்பார்கள். வகுப்பில் நடக்கும் பேச்சைப் பத்து வகையாகப் பிரித்து, மூன்று வினாடிக்கு ஒருமுறை எந்த வகை என்று குறிக்கும் முறை அவருடையது. பத்தையும் மனப்பாடம் செய்து மார்க் வாங்கினேன். ஒரு வகுப்பிலும் உட்கார்ந்து அப்படிக் குறித்துப் பார்த்ததில்லை.

இன்னொரு மூன்று வினாடிக் கணக்கு எனக்குப் பிற்பாடு உதவியது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் காத்திருந்தது ஏறக்குறைய ஒரு வினாடிதான். அதை மூன்று வினாடியாக்கியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். உங்கள் வகுப்பில் பணியர், காட்டுநாயக்கர் என்ற பழங்குடி வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். பாடப்புத்தகத் தமிழில் போன கேள்வி வீட்டுப் பேச்சாக மாறி, மறுபடி தமிழாகித் திரும்பி வர ஒரு வினாடி எந்த மூலைக்கு?

அந்த ஜன்னல் பக்கத்தில் ஓர் இருளர் வீட்டுச் சிறுமி. மூடுபனி எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டு, ஷூவுக்குள் கால்விரலை அழுத்தி அழுத்தி எண்ணினேன். நாலு ஆயிற்று. முன்வரிசை "சார், சார்" என்று துடித்தது. ஐந்தில் அவள் சொன்னாள்: "பள்ளத்திலிருந்து ஏறி வரும் சார். எங்க வீட்டுக்கு வந்துட்டுத்தான் இங்க வரும்." முன்வரிசை சொல்லியிருக்கக்கூடிய பதில் 'வானத்திலிருந்து'.

ஜப்பானில் ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த, மற்றவர்கள் பார்க்கும் வழக்கம் உண்டு. நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. அவர்கள் கண் பெரும்பாலும் ஆசிரியர் மேல் இருக்காது, பிள்ளைகளின் நோட்டில் இருக்கும். பாடம் சரியாகப் போகவில்லை என்றால் அது எல்லோரும் சேர்ந்து போட்ட பாடம், ஒருவர் தலையில் விடியாது. தலைமையாசிரியரிடம் நீங்களும் அப்படியே கேளுங்கள்: "என்னைப் பார்க்க வேண்டாம் சார், அந்த மூன்றாவது பிள்ளையைப் பாருங்க."

நீங்கள் அவர் வகுப்புக்குப் போனால் உங்கள் பிள்ளைகளை யார் பார்ப்பது? அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைப் பிள்ளைகளையும் ஒரே அறையில் வைத்து, அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை நடத்துகிறவர் நீங்கள். வரைய ஒரு தாளைக் கொடுத்துக் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு நிபந்தனை மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்: குறித்த தாள், வகுப்பு நடத்தியவருக்கே சொந்தம். எந்தக் கோப்பிலும் ஏறக்கூடாது.

முதல் வாரம் நீங்களே அவர் வகுப்புக்குப் போங்கள். கட்டம் போடுங்கள், கோடு இழுங்கள், தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். அன்றைக்கு அவர் கையையும் கொஞ்சம் கவனியுங்கள்.