பாடசாலை மைதானத்தில் நிலக்கரிச் சாம்பல் புதைந்திருந்தால் கதிரியக்கத்தை எப்படிச் சோதிப்பது?

மைதானத்தை உயர்த்துவதற்குக் கொட்டிய மண்ணில் நிலக்கரிச் சாம்பல் கலந்திருக்குமோ என்ற ஐயத்தில், கதிரியக்கத்தை எண்ணிக் காட்டும் கைகர் கருவியொன்றை வாங்கி நடந்து பார்த்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. மட்டக்களப்பில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். அந்த முறையில் காரணத்தைச் சொல்கிறேன்.

நிலக்கரி எரியும்போது கரிமம் வாயுவாகப் போய்விட, கதிரியக்கமுள்ள யுரேனியமும் தோரியமும் அவற்றிலிருந்து பிறக்கும் ரேடியமும் சாம்பலில் தங்கிச் செறிவடைகின்றன. ஆனாலும் அந்த அளவு பெரும்பாலும் சில கருங்கற்பாறைகளில் இருப்பதை ஒட்டியதே. அதன்மேல் அரை மீற்றர் மண் மூடியிருந்தால் சாம்பலிலிருந்து வரும் காமாக் கதிர்களில் பெரும்பகுதி அதற்குள்ளேயே அடங்கிவிடும் என்பதால், கருவி காட்டும் சிறிய எண்ணை வைத்து அடியில் சாம்பல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. எண் கூடினாலும் நம் கரையோரத்தில் அவசரப்படக் கூடாது: வாகரையிலும் திருக்கோவிலிலும் எந்தக் கனிய மணலை அகழக் கூடாதென்று மக்கள் எதிர்த்தார்களோ, அத்தகைய மணலில் தோரியம் கொண்ட மொனசைற்றும் சிறிதளவு இருப்பதுண்டு. ஆகவே நிரப்பப்படாத பக்கத்து நிலத்திலிருந்தும் ஒப்பீட்டுக்கு மண் எடுக்க வேண்டும்.

முதலில் மண் எங்கிருந்து ஏற்றப்பட்டது என்று விசாரியுங்கள். நாட்டின் ஒரே நிலக்கரி மின்நிலையம் மறுகரையில் நுரைச்சோலையில் இருக்கிறது; சம்பூரில் வரவிருந்தது 2016இல் கைவிடப்பட்டது. உள்ளூர்க் கிரவல்தான் என்று உறுதியானால் பாதிக் கவலை தீர்ந்தது. உறுதியாகாவிட்டால், துளைக்கருவியால் ஒன்றரை மீற்றர் ஆழம் வரை அடுக்கடுக்காக மண் எடுத்து, சாம்பல் நிறத்தில் மாப்போல் இருக்கும் அடுக்கைப் பாடசாலை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பாருங்கள். மின்நிலையத்தின் பறக்கும் சாம்பல் என்றால் கண்ணாடி மணிகள்போன்ற நுண்ணிய உருண்டைகள் தெரியும். மணற்பருக்கை அப்படி உருண்டு திரண்டிருக்காது.

அதன் பிறகே ஆய்வுகூடம். இலங்கை அணுசக்திச் சபையைக் கேட்கலாம். ரேடியத்தை அளக்குமுன், உலர்த்திச் சலித்த மண்ணைக் காற்றுப் புகாமல் அடைத்து ஏறத்தாழ நான்கு வாரம் வைத்திருப்பார்கள், ரேடியத்திலிருந்து பிறக்கும், 3.8 நாளில் பாதியாகக் குறையும் ரேடன் வாயு ரேடியத்தோடு சமநிலைக்கு வருவதற்கு அவ்வளவு காலம் வேண்டும். உலக மண்ணின் சராசரி ரேடியம் கிலோவுக்கு சுமார் 35 பெக்கரல், அதாவது நொடிக்கு 35 அணுச் சிதைவுகள். உங்கள் மண் அதைவிடச் சற்றுக் கூடினாலும் கலங்க வேண்டியதில்லை. ஒப்பீட்டு மண்ணைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்பதே கணக்கு.

என்னைக் கேட்டால், பணம் ஒரு சோதனைக்கு மட்டுமே இருந்தால் அதை மைதானத்தோரக் கிணற்றுக்குச் செலவழிப்பேன். கதிரியக்கம் என்ற சொல் பயமுறுத்துகிறது. ஆனால் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் நிற்கும் நம் மணல் நிலத்தில், மாரி மழைக்கு நீர்மட்டம் ஏறிச் சாம்பலை நனைத்தால் ஆர்சனிக்கும் போரனும் கரைந்து கிணற்றுக்குப் போகலாம். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஆர்சனிக்குக்கு வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். கொதிக்க வைத்தாலும் அது போகாது. மாரி ஓய்ந்ததும் ஒருமுறை, கோடையில் நீர் வற்றும்போது ஒருமுறை கிணற்று நீரை எடுத்துச் சோதனைக்குக் கொடுங்கள். முடிவு வரும்வரை பிள்ளைகள் அந்தக் கிணற்றில் குடிக்க வேண்டாம் என்று அதிபரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.