எச்.ஐ.வி. உள்ள தாய் பால் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு எட்டாம் மாதம். சில வருடங்களாக எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறேன். கணவருக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். தாய்ப்பால் வேண்டாம், புட்டிப்பாலே கொடுப்போம் என்கிறார் அவர். மாமியாரோ குழந்தை பிறந்ததும் சேனை வைக்கணும், சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கணும் என்கிறார். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்

பதில்: நீங்கள் தாராளமாகப் பால் கொடுக்கலாம், சகோதரி. மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, வைரல் லோடு, அதாவது இரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, கண்டறிய முடியாதபடி குறைந்திருந்தால், பால் வழியாகத் தொற்றும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே. அறவே இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது. அதனால் பிரசவத்துக்கு முன்பே ஏ.ஆர்.டி. மையத்தில் வைரல் லோடு பரிசோதனை கேளுங்கள். குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்க நெவிரபின் சிரப் தருவார்கள். பொதுவாக 6 வாரம். வைரஸ் குறையாமல் இருந்தால் மருந்தும் காலமும் கூடும்.

கணவரின் பயம் நியாயமானது. ஆனால் புட்டிப்பாலுக்குச் சுத்தமான தண்ணீர் வேண்டும், ஒவ்வொரு முறையும் பாத்திரத்தைக் கொதிக்க வைக்க வேண்டும், மாதக் கடைசியிலும் டின் வாங்கப் பணம் வேண்டும். ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா அரசு எச்.ஐ.வி. உள்ள தாய்மாருக்குப் பால் பவுடரை இலவசமாகவே கொடுத்தது. 2006-இல் அங்கே பெருமழைக்குப் பிறகு வயிற்றுப்போக்கு பரவியபோது நிறையக் குழந்தைகள் இறந்தன. அவற்றில் பெரும்பாலானவை தாய்ப்பால் குடிக்காதவை. இதையெல்லாம் கடைசிவரை சமாளிக்க முடியும் என்றால் புட்டிப்பாலும் சரிதான். முடிவு உங்களுடையது.

எனக்குக் கவலையே அந்தச் சேனையும் சர்க்கரைத் தண்ணீரும்தான். முதல் 6 மாதம் தாய்ப்பால் என்றால் தாய்ப்பால் மட்டும். தண்ணீர், தேன், பசும்பால், உரைமருந்து எதுவும் கூடாது. வெளி உணவு பிஞ்சுக் குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும், அந்த வழியே வைரஸ் நுழையும். டாக்டர் எழுதிய மருந்துகளுக்கு மட்டும் விலக்கு.

மாமியாரிடம் எதையும் உடைத்துச் சொல்ல வேண்டியதில்லை. சேனை கூடாது என்பது எல்லாக் குழந்தைக்கும் சொல்கிற விதிதானே? பிரசவ வார்டு நர்ஸிடம் சொல்லி, அவர் வாயாலேயே மாமியாரிடம் சொல்ல வையுங்கள். சிரப் பற்றிக் கேட்டால் "குழந்தை டாக்டர் எழுதிக் கொடுத்தது" என்றால் போதும், அது உண்மையும்கூட. உங்கள் சம்மதமில்லாமல் யாரும் இதை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி./எய்ட்ஸ் சட்டமே இருக்கிறது. அப்படியும் ஒருநாள் யாராவது சர்க்கரைத் தண்ணீர் புகட்டிவிட்டால் பதறி, பாலை நிறுத்திவிடாதீர்கள். மாத்திரையும் பாலும் தொடரட்டும்.

காம்பில் வெடிப்போ சீழோ வந்தால், அது ஆறும்வரை அந்தப் பக்கப் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, அடுத்த பக்கம் கொடுங்கள். அன்றே டாக்டரைப் பாருங்கள். 6 மாதத்துக்குப் பிறகு கஞ்சி, பருப்புச் சோறு என்று சேர்த்துக்கொண்டே ஒரு வயது தாண்டியும் பால் தரலாம்.

6-வது வாரத்தில் குழந்தைக்கு முதல் இரத்தப் பரிசோதனை. 18 மாதம் வரை நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையம்) சொல்கிற எந்தத் தேதியையும் விட்டுவிடாதீர்கள். நடுவில் சந்தேகம் வந்தால் 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது. அடுத்த முறை மையத்துக்குப் போகும்போது கணவரையும் கூட்டிப்போங்கள். அவருடைய கேள்விகளை அவரே கேட்கட்டும்.