ஐந்து வாரம், மூன்று பந்தயம்: 2015 சீசன் பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தில் ஒரே சீசனில் மூன்று பெரிய பந்தயங்களையும் வெல்லும் குதிரைக்குத் தரும் பட்டம் ட்ரிபிள் க்ரௌன். 37 வருடம் யாருக்கும் கிட்டாத அந்தப் பட்டத்தை 2015-இல் 'அமெரிக்கன் ஃபாரோ' என்ற குதிரை வென்றது. அந்த சீசனைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி: வருடம் முழுக்க எத்தனையோ ரேஸ் நடக்கிறது. மே, ஜூனில் வரும் மூன்றை மட்டும் அமெரிக்கர்கள் ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? (ஊட்டி வாசகர்)

மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடலாம் என்பதால் ஒரு குதிரைக்கு வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்புதான். கென்டக்கி டெர்பி ஒன்றேகால் மைல், நம் கணக்கில் 2,012 மீட்டர். ப்ரீக்னஸ் சுமார் 1,911 மீட்டர். பெல்மான்ட் 2015-இல் ஒன்றரை மைல், அதாவது 2,414 மீட்டர். 2015-இல் இவை மே 2, மே 16, ஜூன் 6 ஆகிய தேதிகளில் நடந்தன. மூன்றிலும் ஆண் குதிரைக்கு எடை 126 பவுண்டு, சுமார் 57 கிலோ. ஜாக்கியும் சேணமும் சேர்ந்த எடை அது. பெண் குதிரைக்கு 5 பவுண்டு சலுகை உண்டு.

தூரத்தைவிடக் கொடுமையானது இடைவெளிதான். முதல் இரண்டுக்கும் நடுவே 14 நாள், பிறகு 21 நாள். முழு வேகத்தில் ஓடிய குதிரைக்குத் தசையும் எடையும் திரும்பி வர இது போதாது. அதற்குள் எதிராளிகள் ப்ரீக்னஸை விட்டுவிட்டு ஐந்து வாரம் ஓய்வெடுத்து பெல்மான்டுக்கு வந்து நிற்பார்கள். 2015 பெல்மான்டில் எட்டுக் குதிரைகள் ஓடின. மூன்று பந்தயங்களிலும் ஓடியது அமெரிக்கன் ஃபாரோ ஒன்றுதான்.

1978-இல் அஃபர்ம்ட் என்ற குதிரை பட்டம் வென்ற பிறகு, 13 குதிரைகள் முதல் இரண்டையும் ஜெயித்துவிட்டு மூன்றாவதில் கோட்டைவிட்டன. 1998-இல் ரியல் க்வயட் தோற்றது ஒரு மூக்கு வித்தியாசத்தில். 2002-இல் வார் எம்ப்ளம் கேட் திறந்ததுமே தடுமாறியது. 2012-இல் ஐ'ல் ஹேவ் அனதர் கால் தசைநாண் வீக்கத்தால் பந்தயத்துக்கு முதல் நாளே விலக்கப்பட்டது.

கேள்வி: டெர்பியில் யார் வேண்டுமானாலும் ஓடலாமா?

முடியாது. அதிகபட்சம் 20 குதிரைகள்தான். 2013 முதல் புள்ளி முறை இருக்கிறது: முன்னோட்டப் பந்தயங்களில் அதிகப் புள்ளி எடுத்த குதிரைகளுக்கே இடம். 2015-இல் ரெபெல் ஸ்டேக்ஸ் போன்ற பந்தயத்தில் முதல் நான்கு இடங்களுக்கு 50, 20, 10, 5 புள்ளிகள் கிடைத்தன. ஆர்கன்சா டெர்பி போன்ற கடைசிக் கட்டப் பந்தயங்களில் 100, 40, 20, 10. ஃபாரோ அந்த இரண்டையும் ஜெயித்ததில் மட்டும் 150 புள்ளி கிடைத்தது.

வயதுக் கணக்கில் ஒரு விஷயம். வட அரைக்கோளத்தில் எல்லா ஜாதிக் குதிரைக்கும் (தரோப்ரெட் எனும் பந்தய இனம்) ஜனவரி 1-தான் பிறந்தநாள். ஃபாரோ 2012 பிப்ரவரி 2-இல் பிறந்தது. மே மாதம் பிறந்த குட்டியும் அதே 'மூன்று வயது' கணக்கில்தான் வரும். அந்த வயதில் மூன்று மாத வளர்ச்சி என்பது பெரிய வித்தியாசம்.

கேள்வி: இவ்வளவு பெரிய குதிரை தன் முதல் ரேஸில் ஐந்தாவதாக வந்ததாமே? (மதுரை வாசகர்)

உண்மைதான். 2014 ஆகஸ்ட், டெல் மார் மைதானம். அன்று கண்ணுக்குப் பக்கவாட்டில் மறைப்பு கட்டியிருந்தார்கள். பிளிங்கர்ஸ் என்பார்களே, அதுதான். குதிரையின் கண் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் பின்னால் வருவதும் அதற்குத் தெரியும். கவனம் சிதறும் குதிரைக்கு மறைப்பு நல்லது. சத்தத்துக்கு மிரளும் குதிரைக்கோ அது கெடுதல். பின்னால் சத்தம் கேட்கும், ஆனால் என்னவென்று பார்க்க முடியாது. வியர்த்து, துள்ளி, பந்தயம் தொடங்கும் முன்பே பாதிச் சக்தி போய்விடும்.

ட்ரெய்னர் பாப் பாஃபர்ட் இரண்டு மாற்றங்கள் செய்தார். மறைப்பைக் கழற்றினார், காதில் பஞ்சு வைத்தார். அடுத்த ஓட்டமே டெல் மார் ஃப்யூச்சுரிட்டி என்ற முதல் தரப் பந்தயம். அதில் வெற்றி. 2015 டெர்பி நாளில் 1,70,513 பேர் கூடிய மைதானத்தில் நடந்து போனபோதும் அந்தப் பஞ்சு காதில் இருந்தது.

கேள்வி: பெல்மான்டில் ஆரம்பத்திலிருந்தே முன்னால் ஓடிய குதிரையை யாராலும் ஏன் பிடிக்க முடியவில்லை? நீண்ட ஓட்டத்தில் முன்னால் ஓடுகிறவன் கடைசியில் சோர்வதுதானே வழக்கம்? (கோவை வாசகர்)

இந்த சீசனின் உயிர்நாடியான கேள்வி. பதில் கடிகாரத்தில் இருக்கிறது.

ஒன்றரை மைலை ஆறு கால் மைல்களாக, தலா 402 மீட்டராகப் பிரித்துப் பாருங்கள். ஃபாரோ எடுத்துக்கொண்ட விநாடிகள்: 24.06, 24.77, 24.58, 24.58, 24.34, 24.32. மொத்தம் 2 நிமிடம் 26.65 விநாடி. முதல் துண்டுக்கும் கடைசித் துண்டுக்கும் வித்தியாசம் கால் விநாடியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். நடுவில் இருக்கும் இரண்டு துண்டுகள் நூலளவும் பிசகாமல் ஒன்றே. இரண்டாவது துண்டில் ஜாக்கி விக்டர் எஸ்பினோசா மூச்சு வாங்க விட்டார். அதற்குப் பிறகு வேகம் குறையவே இல்லை, கடைசியில் கூடியது.

முன்னால் ஓடும் குதிரை சோர்வது முன்னால் ஓடுவதால் அல்ல. முதல் அரை மைலில் அளவுக்கு மீறிச் செலவழிப்பதால். யாராவது பக்கத்தில் ஒட்டி நெருக்கினால் 47, 46 விநாடியில் அரை மைல் போய்விடும். ஃபாரோ அதை 48.83-இல் கடந்தது. மெட்டீரியாலிட்டி என்ற குதிரை பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனது உண்மை. ஆனால் அந்தச் சீரான வேகத்தைத் தாங்கமுடியாமல் வளைவில் கழன்று கடைசி இடத்துக்குப் போயிற்று. பின்னால் காத்திருந்தவர்களுக்கும் வழியில்லை. முன்னால் ஓடும் குதிரை கடைசிக் கால் மைலை 24.32-இல் முடிக்கும்போது, ஐந்து லென்த் (ஒரு லென்த் என்றால் ஒரு குதிரையின் நீளம்) பின்னால் இருப்பவன் அதை 23.5-க்குள் ஓடினால்தான் எட்டிப் பிடிக்க முடியும். 2,000 மீட்டர் ஓடிய பிறகு மண்தரையில் அது நடக்காத காரியம். இரண்டாவது வந்த ஃப்ராஸ்டட் ஐந்தரை லென்த் பின்தங்கியது.

பெல்மான்டில் இன்னொரு பொறி இருக்கிறது. மற்ற மைதானங்கள் பெரும்பாலும் ஒரு மைல் சுற்று. இங்கே சுற்றே ஒன்றரை மைல். வளைவு நீண்டு போகும். பழக்கமில்லாத ஜாக்கி, வீடு வந்துவிட்டது என்று வளைவின் நடுவிலேயே குதிரையை விரட்டிவிடுவார். கடைசி 200 மீட்டரில் கால் கனத்துவிடும். எஸ்பினோசா 2002-இலும் 2014-இலும் இதே மைதானத்தில் இதே பட்டத்துக்காக வந்து தோற்றவர். 2015-இல் நேர்ப்பாதை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பொறுமைக்குக் கிடைத்ததுதான் கடைசி இரண்டு துண்டுகள்.

கேள்வி: 1973-இல் செக்ரட்டேரியட் 31 லென்த்தில் ஜெயித்ததோடு ஒப்பிட்டால்?

செக்ரட்டேரியட்டின் பெல்மான்ட் 2 நிமிடம் 24 விநாடி. அதைத் துண்டு போட்டால் 23.6, 22.6, 23.6, 24.4, 24.8, 25.0. கடைசிக் கால் மைலில் ஃபாரோதான் வேகம். ஆனால் முதல் முக்கால் மைலில் செக்ரட்டேரியட் 3.6 விநாடி சேர்த்து வைத்துவிட்டது. வேறு எந்தக் குதிரையாக இருந்தாலும் அந்த 22.6-க்கான தண்டனையைக் கடைசியில் அனுபவித்திருக்கும். அது தன் முதல் துண்டைவிட 1.4 விநாடி மட்டுமே தளர்ந்து 25-இல் முடித்தது. என் தீர்ப்பில் செக்ரட்டேரியட்டுக்கு நிகர் இல்லை. தரை ஒவ்வொரு நாளும் வேறு என்பதைக் கணக்கில் எடுத்தாலும் இந்த இடைவெளி மறையாது.

லென்த் கணக்கு போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'ஒரு லென்த் என்றால் ஐந்தில் ஒரு பங்கு விநாடி' என்பது பழைய சூத்திரம். குதிரையின் நீளம் சுமார் 2.4 மீட்டர். பந்தய வேகம் விநாடிக்கு 16.5 மீட்டர் என்றால் ஒரு லென்த் கடக்க 0.15 விநாடிதான் ஆகும். இந்த இரண்டு குதிரைகளுக்கும் உள்ள 2.65 விநாடி வித்தியாசம் பழைய சூத்திரத்தில் 13 லென்த், உண்மையில் 18-ஐ நெருங்கும்.

கேள்வி: ப்ரீக்னஸ் அன்று கொட்டும் மழை. சேறு அதற்குச் சாதகமாக அமைந்துவிட்டதா?

ஓரளவுக்கு. பந்தயத்துக்குச் சில நிமிடம் முன்பு வானம் பொத்துக்கொண்டது. அங்கே 'ஸ்லாப்பி' என்று சொல்லும் தரை வேறு, சேறான தரை வேறு. ஸ்லாப்பியில் மேலே தண்ணீர் நிற்கும், அடித்தளம் கெட்டியாகவே இருக்கும். குளம்பு வழுக்காமல் அடித்தளத்தைப் பிடிக்கிற குதிரை ஓடும். பின்னால் வருகிறவனுக்கோ முகம் முழுக்க நீரும் மணலும். ஜாக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருக்கும் கண்ணாடிகளைக் கழற்றிக் கழற்றி எறிந்துகொண்டே வருவார். முதலாம் எண் கேட் என்பதால், உள்ளே மாட்டிக்கொள்ளாமல் இருக்க எஸ்பினோசா உடனே முன்னால் விரட்டினார். ஏழு லென்த் வெற்றி, நேரம் 1:58.46. ரெபெல் ஸ்டேக்ஸிலும் ஈரத்தரைதான், அதிலும் முன்னாலேயே ஓடி ஜெயித்தது. டெர்பியோ உலர்ந்த தரை. அங்கே வெளிப்பக்கம் மூன்றாவதாக ஓடி, கூடுதல் தூரம் சுற்றி வந்து ஒரு லென்த்தில் ஜெயித்தது. மழைக்குதிரை என்று ஒதுக்க முடியாது.

கேள்வி: 2015-இல் ட்ராவர்ஸ் என்ற பந்தயத்தில் மட்டும் ஏன் தோற்றது?

அரை மைலுக்கு அப்பால் ஃப்ராஸ்டட் வந்து தோளோடு தோள் உரசியபடி ஒட்டிக்கொண்டது. பெல்மான்டில் யாரும் செய்யாத வேலை. ஃபாரோ அதை நேர்ப்பாதையில் உதறியது. ஆனால் அதற்குக் கொடுத்த விலை, கடைசியில் வெளிப்பக்கமாக வந்த கீன் ஐஸிடம் முக்கால் லென்த்தில் தோல்வி. அந்தக் கீன் ஐஸைத்தான் பெல்மான்டிலும் ஹாஸ்கெல் பந்தயத்திலும் ஃபாரோ எளிதாக வென்றிருந்தது.

அடிப்படைக் காரணம் களைப்பு. மார்ச் 14 முதல் ஆகஸ்ட் 29 வரை 24 வாரத்தில் ஏழு பந்தயம், கூடவே பலமுறை விமானப் பயணம். ஹாஸ்கெல் முடிந்து 27-ஆம் நாள் ட்ராவர்ஸ். பிறகு 63 நாள் ஓய்வு கொடுத்தார்கள். அக்டோபர் 31-இல் கீன்லண்டில் ப்ரீடர்ஸ் கப் க்ளாசிக்கில் தன்னைவிட மூத்த குதிரைகளை ஆறரை லென்த்தில் வென்றது. 2:00.07 அங்கே சாதனை நேரம். கீன்லண்ட் செயற்கைத் தரையை விட்டு மண்தரைக்கு 2014-இல்தான் திரும்பியது என்பதால் 'சாதனை' என்ற சொல்லை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளவும். ஆனாலும் அந்த வருடத்தின் சிறந்த ஓட்டமாக நான் சொல்வது இதைத்தான், பெல்மான்டை அல்ல.

கேள்வி: ஓடும்போது நுரையீரலில் ரத்தம் கசியும் என்கிறார்களே?

கடும் வேகத்தில் நுரையீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அழுத்தம் தாங்காமல் கசியும். மிகச் சாதாரணமான பிரச்சினை. அமெரிக்காவில் பந்தயத்துக்கு நான்கு மணி நேரம் முன்பு ஃப்யூரோசமைட் ஊசி போடுவது வழக்கம். 2015-இல் அனுமதி இருந்தது. 2021 முதல் ட்ரிபிள் க்ரௌன் பந்தயங்களில் அது இல்லை.

கேள்வி: மூன்று வயதிலேயே ஓய்வு கொடுத்தது அநியாயம் இல்லையா? (திருச்சி வாசகர்)

ரசிகர்களுக்கு அநியாயம்தான். 11 ஓட்டம், 9 வெற்றி, 86,50,300 டாலர் பரிசு. இதற்கு மேல் ஒரு வருடம் ஓடியிருந்தால் எத்தனை நன்றாக இருந்திருக்கும்! ஆனால் 2016-இல் இனப்பெருக்கத்துக்கு அது வாங்கிய கட்டணம் ஒரு குட்டிக்கு 2,00,000 டாலர். நூறு பெண் குதிரைகள் என்றால் 2 கோடி டாலர். ஜாதிக் குதிரைகளில் செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதி இல்லை, நேரடிச் சேர்க்கைதான். எனவே குதிரை பண்ணையில் நின்றாக வேண்டும். கால் முறிந்தால் எல்லாம் போச்சு என்ற பயத்துக்கு முன்னால் ரசிகனின் ஆசை நிற்காது.

கேள்வி: பெல்மான்ட் டிக்கெட்டைப் பணமாக மாற்றாமல் பலர் வைத்துக்கொண்டார்களாமே?

ஆமாம். 2 டாலர் வின் டிக்கெட்டுக்குக் கிடைக்கும் தொகை 3.50 டாலர். அதை வாங்குவதைவிட அந்தச் சீட்டைச் சட்டம் போட்டு மாட்டுவது மேல் என்று ஏராளமானோர் நினைத்தார்கள்.

கேள்வி: பழைய ஓட்டங்களை வீடியோவில் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் கம்பங்கள். அமெரிக்க மைதானங்களில் சிவப்பு-வெள்ளைக் கம்பம் கால் மைலுக்கு, பச்சை-வெள்ளை எட்டில் ஒரு பங்குக்கு, கறுப்பு-வெள்ளை பதினாறில் ஒரு பங்குக்கு. கேட் திறந்ததும் ஸ்டாப்வாட்சை அழுத்தினால் உங்கள் நேரம் அதிகாரபூர்வ நேரத்தைவிடக் கூடுதலாக வரும். அங்கே கேட்டிலிருந்து சில மீட்டர் ஓடிய பிறகுதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். அதனால் கம்பத்துக்குக் கம்பம் எடுங்கள்.

அடுத்து முன்னங்கால். நாலுகால் பாய்ச்சலில் எந்த முன்னங்கால் கடைசியாகத் தரையைத் தொட்டு அதிகம் முன்னால் நீள்கிறதோ, அதுதான் 'லீட்'. அமெரிக்காவில் இடப்பக்கம் வளைந்து ஓடுவதால் வளைவில் இடக்கால் முன்னே இருக்கும். நேர்ப்பாதைக்குள் வந்ததும் வலக்காலுக்கு மாறவேண்டும். மாறும் கணத்தில் உடம்பு லேசாக ஒரு குலுக்கல் குலுங்கும், உடனே பாய்ச்சல் நீளும். மாறாத குதிரை களைத்த காலிலேயே ஓடி, உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாயும். பாதி வேகத்தில் ஓடவிட்டு, ஜாக்கியை விட்டுவிட்டு முட்டிகளை மட்டும் பாருங்கள். இரண்டு மூன்று முறை பார்த்தால் கண்ணுக்குப் பிடிபட்டுவிடும்.