நெஞ்சுப் படபடப்புக்குப் பேச்சு வைத்தியமா?

கேள்வி: சோமனூர் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. பதினாறு விசைத்தறி போட்டுக் கூலிக்கு நெய்கிறோம். என் வீட்டுக்காரருக்கு வயது 44. ஆறு மாதம் முன்பு ஒரு ராத்திரி திடீரென்று நெஞ்சு படபடத்து, வேர்த்துக் கொட்டி, கை மரத்துப்போய்விட்டது. கோவைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் நார்மல். அதன்பிறகும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வருகிறது. இப்போது தறிக்குடோன் பக்கமே போவதில்லை. தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, ஒரம்பரை வீட்டு விசேஷத்துக்கும் வருவதில்லை. மனநல மருத்துவர் எஸ்சிடலோபிராம் மாத்திரை எழுதி, கூடவே சி.பி.டி. என்று பத்துப் பன்னிரண்டு முறை பேச வரச் சொல்கிறார். “காசு கொடுத்துப் பேசறதுக்கு ஒரு ஆளா? மாப்பிள்ளை மனசு விட்டுப் பேச நாங்கெல்லாம் இல்லையா?” என்கிறார் என் அண்ணன். பேசினால் இது சரியாகுமா? மாத்திரை ஆயுசுக்கும் போட வேண்டுமா?

பதில்: உங்கள் அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி, சகோதரி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அண்ணனிடம் பேசினால் “ஒன்னும் ஆவாதுங்க மாப்பிள்ளை, தைரியமா இருங்க” என்பார். அன்பான வார்த்தைதான். அரை மணி நேரம் தெம்பாகவும் இருக்கும். அப்புறம் பயம் மறுபடி வந்து அதே கேள்வியைக் கேட்கும். சி.பி.டி. என்கிற சிந்தனை-நடத்தைப் பேச்சு சிகிச்சை தைரியம் சொல்வது அல்ல. ‘நல்லதையே நினை’ என்ற உபதேசமும் அல்ல. பயம் சொல்லும் கணக்கை எழுதி வாங்கி, சரிதானா என்று கூட்டிக் கழித்துப் பார்க்கிற வேலை.

காங்கயம் சிவன்மலை உத்தரவுப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். பக்தர் கனவில் வந்த பொருளை அதில் வைப்பார்கள். மண் வைத்தால் நிலம் விலை ஏறும் என்பார் ஒருவர், பூமி அதிரப் போகிறது என்பார் இன்னொருவர். பொருள் ஒன்றுதான், அர்த்தம் ஆளாளுக்கு. (கோயிலைக் குறை சொல்லவில்லை, நானும் போய்க் கும்பிடுகிறவன்தான்.) உங்கள் கணவர் தன் நெஞ்சையே ஒரு உத்தரவுப் பெட்டியாக்கி வைத்திருக்கிறார். துடிப்பு கொஞ்சம் கூடினால் அவருக்குத் தெரிந்த அர்த்தம் மாரடைப்பு ஒன்றுதான். பயந்ததும் அட்ரீனலின் சுரக்கும், துடிப்பு இன்னும் ஏறும், ‘நெனச்சது சரியாப் போச்சு’ என்று பயம் இரட்டிக்கும். இந்தச் சுழலை 1986-இல் தெளிவாக எழுதிக் காட்டியவர் டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர். பேனிக் அட்டாக் என்று நாங்கள் சொல்லும் இந்தத் திடீர்ப் பயத் தாக்குதலுக்கு இன்று நாங்கள் செய்யும் பேச்சு சிகிச்சை பெரும்பாலும் அந்த அடித்தளத்தில் நிற்கிறது.

இந்தச் சிகிச்சைக்கு வித்திட்டவர் ஏரன் பெக், அமெரிக்க மனநல மருத்துவர். 2021-இல் நூறு வயதில் காலமானார். மனச்சோர்வு என்பது உள்ளுக்குள் திரும்பிய கோபம் என்ற ஃப்ராய்டு வழிக் கருத்தை நிரூபிக்கத்தான் அவர் நோயாளிகளின் கனவுகளை ஆராயப் புகுந்தார். கோபத்தைக் காணோம். தோற்றுப்போவதும் இழப்பதுமே திரும்பத் திரும்ப வந்தன. தான் படித்த கொள்கையையே அதன்பிறகு கைவிட்டார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

உள்ளே என்னதான் நடக்கும் என்று காட்டுகிறேன். என்னிடம் ஒரு கோழிப்பண்ணைக்காரர் வந்தார், அடையாளத்தை மாற்றிச் சொல்கிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று கொடுத்து எழுதி வரச் சொன்னேன். ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: “ராத்திரி 2.10. கரண்டு போச்சு. நெஞ்சு திக்குனு ஆச்சு. இன்னிக்கு முடிஞ்சுதுன்னு நெனச்சேன். நம்பிக்கை 100-க்கு 95.” இந்த நினைப்பு இதுவரை எத்தனை தடவை வந்திருக்கும் என்று கேட்டேன். முப்பதுக்கு மேல் இருக்கும் என்றார். எத்தனை தடவை பலித்தது என்றதும் சிரித்துவிட்டார். சிரிப்போடு விடவில்லை. இருவரும் மாடிப்படியில் நாலு தடவை வேகமாக ஏறி இறங்கினோம். “இப்ப நெஞ்சு எப்படி இருக்குதுங்க?” “அதே மாதிரி அடிக்குதுங்க டாக்டர்.” “பயமா?” “இல்லீங்க, படி ஏறுனதுல அடிக்குது.” அதே துடிப்புதான், அர்த்தம் மாறியதும் பயம் இல்லை. அன்று அந்த 95 அறுபதாக இறங்கியது. பூஜ்யமாகவில்லை. அதற்கு இன்னும் இரண்டு மாதம் பிடித்தது.

அடுத்தது தறிக்குடோன். “மனசு சரியானதும் போறேன்” என்றுதான் உங்கள் கணவர் சொல்வார். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பயத்தோடு மனச்சோர்வும் சேர்ந்திருப்பதுபோலத் தெரிகிறது. மனச்சோர்வில் இந்த வரிசை தலைகீழ். முதலில் போக வேண்டும், மனசு பின்னால் வரும். பதினாறு தறியையும் ஒரே நாளில் ஓட்டச் சொல்லவில்லை. காலையில் பத்து நிமிடம் போய் உட்காரட்டும். அடுத்த வாரம் ஒரு தறியில் அறுந்த இழைக்கு முடிச்சுப் போடட்டும். அற்பமாகத் தெரியும், ஆனால் இதையே முக்கியமாக வைத்து கோவாவில் ஒரு சோதனை நடந்தது. மருத்துவர்கள் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறு முதல் எட்டு முறை பேசினார்கள். 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது: கடுமையான மனச்சோர்வு இருந்த 495 பேரில், பேச்சு சிகிச்சையும் பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் தேறினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். நம் ஊர் வாழ்க்கைக்கு நெருக்கமான ஆய்வு என்பதால் அமெரிக்கக் கணக்குகளைவிட இதையே அதிகம் நம்புகிறேன்.

மாத்திரைக்கு வருகிறேன். எஸ்சிடலோபிராம் போதைப்பழக்கம் ஆகாது. வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும், முதல் வாரத்தில் படபடப்பு சற்றுக் கூடவும் செய்யலாம். அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலும் குணமான பின்னும் ஆறு மாதமாவது தொடரச் சொல்லி, பிறகு படிப்படியாகக் குறைப்போம். பழக்கமாகிவிடும் என்று பயப்பட வேண்டியது தூக்கத்துக்கு மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடும் அல்பிரசோலத்துக்குத்தான். மாத்திரை இருக்க பேச்சு எதற்கு என்றால், 2005-இல் வெளியான ஒரு ஆய்வில், மருந்தால் தேறி அதை நிறுத்தியவர்களில் ஓராண்டுக்குள் 76 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு திரும்பியது. பேச்சு சிகிச்சை முடித்தவர்களில் 31 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனால் கற்றுக்கொண்ட வித்தை கையோடு நிற்கிறது என்பதை நானும் பார்க்கிறேன்.

தைராய்டு பரிசோதனை செய்தீர்களா என்று எழுதவில்லை. இல்லையென்றால் செய்துவிடுங்கள். பேச்சு சிகிச்சை தருபவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரா என்றும் கேளுங்கள். செலவு கட்டாது என்றால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம்.

ஒன்றை மட்டும் இன்றே செய்யுங்கள். “செத்துப்போலாம்னு தோணுதுங்களா?” என்று அவரிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, மறைத்து வைத்திருப்பவர் வாய் திறப்பார். ஆம் என்றால் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம். அவர் பதில் எதுவானாலும், வீட்டில் பூச்சிமருந்தோ எலி பேஸ்ட்டோ இருந்தால் பூட்டிச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியே அவர் சட்டைப்பையையும் பாருங்கள். இப்படிப்பட்டவர்கள் பலர் நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை யாரிடமோ வாங்கிச் சுமந்துகொண்டிருப்பார்கள். எழுதித் தராமல் அதைப் போட்டால் ரத்த அழுத்தம் இறங்கி, அதனாலேயே படபடப்பும் தலைவலியும் வரும். இருந்தால் சண்டை போட்டுப் பிடுங்காதீர்கள். போட வேண்டாம் என்று மட்டும் சொல்லி, அடுத்த சந்திப்புக்கு அதையும் நோட்டோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.