ஜூனியர் காலேஜ் கூடைப்பந்து வழியாக நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு: டல்லாஸ் வந்திருக்கும் ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கோவையிலிருந்து டல்லாஸுக்குக் குடிவந்து ஓராண்டு ஆகிறது என்றும், 12-ஆம் வகுப்பில் படிக்கும் மகள் பள்ளியின் வார்சிட்டி (முதன்மை) கூடைப்பந்து அணியில் பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தை நடத்திச் சென்று ஆட்டத்தை அமைப்பவளாக, ஆடுகிறாள் என்றும், நான்காண்டுப் பல்கலைக்கழகம் எதுவும் அவளை அழைக்காத நிலையில் மேற்கு டெக்சஸைச் சேர்ந்த ஒரு ஜூனியர் காலேஜின் (இரண்டாண்டுக் கல்லூரியின்) பயிற்சியாளர் முழு உதவித்தொகை தருவதாகச் சொல்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டாந்தரக் கல்லூரிக்கு அனுப்பிப் பிள்ளையின் படிப்பைக் கெடுத்துவிடுவோமோ என்பது உங்கள் கவலை. என் மகள் அதே வட்டாரத்தில் இரண்டு ஆண்டுகள் ஆடி, பிறகு விளையாட்டில் இரண்டாம் நிலைப் பிரிவான டிவிஷன் 2-இல் உள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கு மாறிப் பட்டம் பெற்றவள். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்: தாராளமாக அனுப்பலாம். ஆனால் அவள் எந்தெந்தப் பாடங்களை எடுக்கிறாள் என்பதை, அவள் எத்தனை புள்ளி எடுக்கிறாள் என்பதைவிடக் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

இந்த வழியைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. லெவல்லண்டில் உள்ள சவுத் ப்ளெயின்ஸ் காலேஜில் ஆடிய ஷெரில் ஸ்வூப்ஸ், அங்கிருந்து டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்துக்குச் சென்று 1993 தேசிய இறுதி ஆட்டத்தில் 47 புள்ளிகள் எடுத்துக் கோப்பையை வென்று தந்தார். பின்னாளில் என்.பி.ஏ. நட்சத்திரமான ஜிம்மி பட்லர், டைலர் ஜூனியர் காலேஜில் ஓராண்டு ஆடிவிட்டு மார்க்கெட் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். உங்கள் மகளுக்கு அழைப்பு வராததில் அவளுடைய குறை ஒன்றும் இல்லை. கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்து, மாறிச் செல்லும் வீரர்கள் உடனே ஆடலாம் என்று ஆனபிறகு, பல்கலைக்கழகப் பயிற்சியாளர்கள் 18 வயதுப் பிள்ளையை வளர்த்தெடுப்பதைவிட ஏற்கெனவே கல்லூரி அளவில் ஆடிப் பழகிய 20 வயதுப் பெண்ணை எடுக்கவே விரும்புகிறார்கள். அதனால் பள்ளியிலிருந்து நேரே செல்லும் பாதை குறுகிவிட்டது.

ஜூனியர் காலேஜ்களுக்கான என்.ஜே.சி.ஏ.ஏ. என்ற விளையாட்டு அமைப்பில், பல்கலைக்கழகப் பிரிவுகளிலிருந்து வேறான மூன்று பிரிவுகள் உண்டு. டிவிஷன் 1 கல்லூரியானால் கல்விக் கட்டணம், விடுதி, உணவு, புத்தகம் எல்லாவற்றையும் தரலாம். டிவிஷன் 2-இல் விடுதியும் உணவும் சேராது. டிவிஷன் 3-இல் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. "முழு உதவித்தொகை" என்று ஒருவர் தொலைபேசியில் சொல்லும்போது இவற்றில் எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது ஓராண்டுக்கு மட்டுமே எழுதித் தரப்படுவது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஜூனியர் காலேஜுக்குத்தானே போகிறாள் என்று பலரும், பல்கலைக்கழக விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் தகுதி மையத்தில் பதிவு செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் அதை இப்போதே செய்யுங்கள். 9-ஆம் வகுப்பு முதலான 16 அடிப்படைப் பாடங்களையும் குறைந்தது 2.3 ஜிபிஏவையும் (4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) காட்டி அவள் இப்போதே "குவாலிஃபயர்" (தகுதி பெற்றவர்) என்ற நிலையைப் பெற்றுவிட்டால், சராசரியாகப் படிப்புப் பருவத்துக்கு (செமஸ்டருக்கு) 12 மாற்றத்தக்க கிரெடிட்டும், அதாவது பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும் பாட அலகுகளும், 2.5 ஜிபிஏவும் இருந்தால் போதும். ஓராண்டிலேயே பல்கலைக்கழக விளையாட்டின் மேல்நிலைப் பிரிவான என்.சி.ஏ.ஏ. டிவிஷன் 1-க்கு மாறும் வாய்ப்பு திறந்திருக்கும். அந்த நிலை இல்லாவிட்டால், ஜூனியர் காலேஜில் பட்டம் முடித்து, ஆங்கிலம், கணிதம், அறிவியல் உட்பட 48 மாற்றத்தக்க கிரெடிட்டுகளைச் சேர்த்த பிறகுதான் கதவு திறக்கும். கோவைப் பள்ளியின் 9, 10-ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள் இதற்குத் தேவைப்படும் என்பதால், அவற்றை இந்த மாதமே வரவழைத்துவிடுங்கள்.

இனிப் பாடங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். டெக்சஸில் பாடங்களுக்குப் பொதுவான எண் முறை ஒன்று உண்டு. மேத் 2413 என்றால் கால்குலஸின் முதல் பகுதி. முதல் இலக்கம் எந்த ஆண்டுக்குரிய பாடம் என்பதையும், இரண்டாவது இலக்கம் எத்தனை கிரெடிட் என்பதையும் காட்டும். பூஜ்யத்தில் தொடங்கும் எண் இருந்தால் அது அடிப்படையைச் சரிசெய்யும் வகுப்பு, பல்கலைக்கழகத்தில் கணக்கில் வராது. என் மகளுக்கு முதல் பருவத்தில் ஓர் ஆலோசகர், ஆட்டப் பருவம் பளுவாக இருக்கும் என்று சொல்லி, எளிதான பாடங்களாகவே போட்டுக் கொடுத்தார். தாளில் 13 கிரெடிட் இருந்தது; அவள் சேர விரும்பிய உயிரியல் பட்டத்துக்கு அவற்றில் பாதிகூடப் பயன்படாது. நாங்கள் அந்தப் பட்டத்துக்கு வேண்டிய பாடங்களின் பட்டியலான பட்டத் திட்டத்தை அச்சிட்டு எடுத்துப் போய், ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டு, சேர்க்கை மாற்றக் கெடு முடியும் முன் மாற்றிக்கொண்டோம். டிவிஷன் 1-இல் மூன்றாம் ஆண்டு ஆடத் தொடங்கும் மாணவி, தான் தேர்ந்தெடுத்த பட்டத்தில் 40 சதவீதத்தை முடித்திருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. உங்கள் மகள் கம்ப்யூட்டர் சயன்ஸ் விரும்புகிறாள் என்பதால், கால்குலஸையும் இயற்பியலையும் தள்ளிப்போட்டால் கையில் 60 கிரெடிட் இருந்தும் அந்த 40 சதவீதத்தை எட்டாமல், வேறு பட்டத்துக்கு மாறச் சொல்லும் நிலை வரும். ஆட்டத்தில் எத்தனை தேர்ந்தவராக இருந்தாலும் இதற்கு விலக்கில்லை. பின்னாளில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் நீண்ட காலம் ஆடிய ஜே கிரௌடர் முதலில் ஜார்ஜியாவின் ஒரு தொழிற்கல்லூரியில் ஆடினார். அங்கே படித்தவற்றை வைத்து டிவிஷன் 1-க்குச் செல்ல முடியாது என்று தெரிந்து, பிக் ஸ்பிரிங்கில் உள்ள ஹோவர்ட் காலேஜுக்கு மாறி, 2010-இல் அங்கே தேசியப் பட்டம் வென்ற பிறகே மேலே போனார்.

ஆண்டுக் கணக்கையும் பார்க்க வேண்டும். எந்தக் கல்லூரியிலாவது முழுநேர மாணவியாகச் சேர்ந்த நாளிலிருந்து டிவிஷன் 1-இல் ஆட அனுமதிக்கப்பட்ட ஐந்தாண்டுக் காலம் ஓடத் தொடங்கிவிடும். 2024 டிசம்பரில் டென்னசியில் டியேகோ பாவியா என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர், ஜூனியர் காலேஜ் ஆண்டுகள் இதில் எண்ணப்படுவதை எதிர்த்து இடைக்கால உத்தரவு பெற்றபின் வழக்குகள் தொடர்ந்தாலும், நீங்கள் ஜூனியர் காலேஜ் ஆண்டுகளையும் சேர்த்து எண்ணியே திட்டமிடுங்கள்.

நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொன்று உண்டு. அவள் எச்-4 விசாவில் (பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்தது) இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். 21 வயது நிறையும்போது அது முடிந்துவிடும். அவள் பல்கலைக்கழகத்துக்கு மாறும் காலமும் ஏறத்தாழ அதுதான். எனவே அங்கே சேரும்போதே எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறுவதைப் பற்றி அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தில் பேசிவிட வேண்டும். விளம்பரத்துக்குப் பணம் தருகிறேன் என்று யாராவது வந்தால், குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் கையொப்பமிட வேண்டாம். உதவித்தொகை வேறு, வேலை செய்து பெறும் பணம் வேறு.

தனியாக எப்படி இருப்பாள் என்றும் கேட்டிருந்தீர்கள். ஊர் சிறியது, காற்றும் புழுதியும் அதிகம். ஒடெஸா, மிட்லண்ட், ஹாப்ஸ் என்று வெளியூர் ஆட்டங்களுக்குப் பருத்திக் காடுகளுக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்கும் நடுவே பேருந்தில் போய், நள்ளிரவு தாண்டித் திரும்பி, காலை எட்டு மணி வகுப்பில் உட்கார வேண்டும். என் மகள் பேருந்தின் உள்விளக்கில்தான் வேதியியல் படித்தாள். ஆனால் 12 பெண்கள் ஒரே விடுதியில், ஒரே நேர அட்டவணையில் வாழ்வதால் தனிமை குறைவு. உங்கள் வீடு சைவமானால் உணவுக்கூடத்தில் பீன்ஸும் டார்ட்டியாவும் சாலடும்தான் கைகொடுக்கும். மற்றதை நீங்கள் மாதம் ஒருமுறை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கும்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது, கடந்த மூன்று ஆண்டுகளில் இரண்டாமாண்டு முடித்தவர்கள் ஒவ்வொருவரும் எங்கே சென்றார்கள், அங்கே பட்டம் முடித்தார்களா என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். நல்ல பயிற்சியாளர் பெயர் பெயராகச் சொல்வார். அடுத்த ஆண்டு அவளைப் போலக் கார்டாக ஆடுபவர்கள் எத்தனை பேர் அணிக்குத் திரும்பி வருகிறார்கள், காயம் பட்டால் இரண்டாம் ஆண்டு உதவித்தொகை தொடருமா, கோடை வகுப்புக்கு யார் பணம் கட்டுவார்கள் என்பவற்றுக்கு மின்னஞ்சலில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அவை கைக்கு வந்தபின், அவள் விரும்பும் இரண்டு பல்கலைக்கழகங்களின் பட்டத் திட்டத்தோடு முதல் பருவப் பாடங்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஒப்பந்தக் கடிதத்தில் கையொப்பமிடுங்கள்.