மேடம், நீங்கள் யார் பக்கம்?

தனிநபர்களுக்கும் தம்பதிகளுக்கும் ஆலோசனை தரும் உளவியல் ஆலோசகர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: டாக்டர், நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்? மாத்திரை தருவீர்களா, வெறும் பேச்சுதானா?

பதில்: நான் டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவம் படித்து மனநலத்தில் மேற்படிப்பு முடித்தவர்தான் மனநல மருத்துவர், மாத்திரை எழுதுவது அவர் வேலை. நான் உளவியலில் முதுகலை முடித்துவிட்டு, அப்புறம் தம்பதி ஆலோசனைக்கென்று தனியாகப் பயிற்சி எடுத்தவள். வருகிறவர் நாள்கணக்கில் தூங்கவில்லை, சாகலாம் போல இருக்கிறது என்றெல்லாம் சொன்னால், கட்டாயம் மருத்துவரையும் பார்க்கச் சொல்வேன்.

"வெறும் பேச்சு" என்று நினைக்காதீர்கள். புத்தி சொல்வதை விட்டுவிட்டு, எதிரில் இருப்பவரை எடைபோடாமல் கேட்பதுதான் ஆலோசகரின் முதல் வேலை என்று அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1940களிலேயே சொன்னார், என் அடிப்படையும் அதுதான். அதற்கு மேல், 1960களில் மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய முறையிலிருந்து நிறைய எடுத்துக்கொள்கிறேன். மேலதிகாரி மெசேஜுக்குப் பதில் போடவில்லை, உடனே "என்னைத் தூக்கிவிடப் போகிறார்கள்" என்று மனம் ஓடுகிறது, இல்லையா? அந்த நினைப்பை ஒரு தாளில் எழுதவைத்து, இதற்கு என்ன ஆதாரம், வேறு என்ன காரணம் இருக்கலாம் என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்.

நீங்கள் கேட்ட கேள்வி ரொம்பச் சரியானது. யாரிடம் போனாலும் என்ன படித்தீர்கள், யார் மேற்பார்வையில் பயிற்சி எடுத்தீர்கள் என்று கேளுங்கள், அதற்குக் கோபப்படுகிறவரிடம் உட்காராதீர்கள்.

கேள்வி: கவுன்சலிங் போகலாம் என்று மனைவி ஒரு வருடமாகக் கூப்பிடுகிறாள். நீங்களும் பெண். இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் குற்றவாளி ஆக்கிவிடுவீர்களோ என்று பயம்.

பதில்: இந்தப் பயத்தோடு வருகிற ஆண்கள் நிறையப் பேர், அதில் தப்பே இல்லை. யார் சொல்வது சரி என்று தீர்ப்பு சொல்ல நான் உட்காருவதில்லை, நான் பார்ப்பது உங்களுக்கு நடுவில் திரும்பத் திரும்ப நடக்கிற ஒன்றை. மனைவி பேச ஆரம்பிக்கிறார், கணவர் தரையைப் பார்க்கிறார், அதைப் பார்த்ததும் மனைவியின் குரல் ஏறுகிறது, கணவர் கைபேசியை எடுத்துப் புரட்டுகிறார், "பாருங்க, வீட்டிலும் இப்படித்தான்" என்று மனைவி என் பக்கம் திரும்புகிறார். எல்லாம் இரண்டே நிமிடத்தில் நடந்துவிடும்! அங்கேதான் நிறுத்துவேன். அந்த நொடியில் உள்ளே என்ன ஓடியது என்று கணவரிடம் கேட்டால், அலட்சியம் என்று யாரும் சொல்வதில்லை, "நான் எதைச் சொன்னாலும் தப்பாகிவிடும்" என்பார்கள். மனைவியிடம் கேட்டால், "நான் இருப்பதே இவருக்குத் தெரியவில்லை" என்று வரும். இதை இருவரும் ஒருவர் வாயிலிருந்து ஒருவர் கேட்கவேண்டும், அவ்வளவுதான் என் முயற்சி. உளவியலாளர்கள் சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பெர்கும் 1980களில் உருவாக்கிய உணர்வுசார்ந்த தம்பதி சிகிச்சை இந்த வழியில்தான் போகிறது.

சண்டையே இல்லாமல் செய்துவிடுவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். தம்பதிகளைப் பேசவிட்டுப் பல வருடங்கள் கவனித்த உளவியலாளர் ஜான் காட்மன், அவர்களுடைய பிரச்சினைகளில் சுமார் 69 சதவீதம் முழுசாகத் தீராதவை என்கிறார். ஆனால் அதே ஆராய்ச்சியில், உறவு முறிவதற்கு மிகப் பெரிய அறிகுறியாக அவர் கண்டது ஏளனத்தை. கண்ணை உருட்டுவது, "உனக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது" என்று உதட்டைச் சுழிப்பது, இதை யார் செய்தாலும் உடனே நிறுத்தச் சொல்வேன். உங்கள் மனைவி செய்தாலும்.

கேள்வி: தனியாக வந்து ஒரு விஷயம் சொன்னால் கணவரிடம் சொல்லிவிடுவீர்களா?

பதில்: இதை முதல் நாளே மூவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட வேண்டும், ஆலோசகருக்கு ஆலோசகர் விதி மாறும். தம்பதியாக வருகிறவர்களுக்கு என் விதி, உறவைப் பாதிக்கிற ரகசியத்தை ஒருவருக்காக நான் பூட்டிவைக்க மாட்டேன், அதே சமயம் நானாகப் போய்ப் போட்டு உடைக்கவும் மாட்டேன், நீங்களே சொல்வதற்குத் துணை நிற்பேன். வெளியாட்களிடம் எதுவும் போகாது. யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால் மட்டும்தான் விதிவிலக்கு, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவோம்.

கேள்வி: கோபம் வந்தால் அடிக்கிறார், பிறகு அழுது மன்னிப்புக் கேட்கிறார். சேர்ந்து வந்தால் சரியாகுமா?

பதில்: சேர்ந்து வராதீர்கள். என் முன்னால் நீங்கள் மனம்விட்டுச் சொல்கிற ஒரு வாக்கியத்துக்கு, வீட்டுக்குப் போனதும் அடி விழலாம், அதனால் அடி இருக்கும் இடத்தில் நான் தம்பதி ஆலோசனையைத் தொடங்குவதில்லை. நீங்கள் மட்டும் தனியாக வாருங்கள், ஆபத்தான நேரத்தில் எங்கே போவது, யாரைக் கூப்பிடுவது, எந்தக் காகிதங்களைக் கையில் வைத்துக்கொள்வது என்பதிலிருந்துதான் நம் பேச்சு ஆரம்பிக்கும். அவர் தன் வன்முறைக்குத் தனியாக உதவி தேடட்டும், அது அவர் பொறுப்பு. உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை, அம்மா.

கேள்வி: கணவர் வரவே மாட்டேன் என்கிறார். நான் மட்டும் வந்து என்ன பயன்?

பதில்: வாருங்கள். பயன் இருக்கிறது. அவரை மாற்றும் வித்தை என்னிடம் இல்லை, ஆனால் உங்கள் இருவருக்கும் நடுவில் திரும்பத் திரும்ப நடக்கிற சண்டைச் சுழலில் உங்கள் பங்கு நீங்கள் மாற்றக்கூடியது, ஒருவர் வேறு மாதிரி பேசத் தொடங்கினால் மற்றவர் பழைய பதிலையே சொல்வது கஷ்டம். அப்படியும் அவர் அசையவில்லையென்றால், இந்த உறவில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று தெளிவாக யோசிக்க உங்களுக்கென்று ஒரு மணி நேரமாவது கிடைக்கும்.