டியூஷன் மட்டும் நடத்தினால் போதுமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வடசென்னையில் 19 ஆண்டுகளாக இயங்கும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். வியாசர்பாடி பக்கம் மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்துகிறோம். குடிசைகளை அகற்றுவதாக அறிவிப்பு வந்தால் மக்களோடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய அலுவலகத்துக்குப் போவது, மனு எழுதுவது, தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி போடுவது ஆகிய வேலைகளும் உண்டு. போன மாதம், வெளிநாட்டு நிதி பெறுவதற்கான எங்கள் எஃப்சிஆர்ஏ பதிவின் புதுப்பிப்பு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஒரே ஒரு வரிதான் காரணம். 11 பேருக்குச் சம்பளம் தர வேண்டும். "இனி வம்பு வேண்டாம், டியூஷனை மட்டும் நடத்துவோம், கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகத் தரும் சிஎஸ்ஆர் பணமாவது கிடைக்கும்" என்கிறார்கள் அறங்காவலர்கள். வழக்கமாகக் கூட்டம் போடும் மண்டபத்திலும் "போலீஸ் அனுமதி வாங்கி வாருங்கள்" என்று இப்போது சொல்கிறார்கள். அறங்காவலர்கள் சொல்வதுதான் சரியா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர், சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நிறுவனத்தை அடையாளம் காட்டக்கூடிய வரிகளையும் எடுத்துவிட்டேன்.

முதலில் இந்த வாரமே செய்ய வேண்டியது. எஃப்சிஆர்ஏ கணக்கிலும் அதோடு சேர்ந்த செலவுக் கணக்குகளிலும் இருக்கும் பணத்தைத் தொடாதீர்கள். "ஏற்கெனவே வந்த பணம்தானே, இந்த மாதச் சம்பளத்தை மட்டும் போட்டுவிடுவோம்" என்று தோன்றும். பதிவு இல்லாத நாளில் வெளிநாட்டுப் பணத்தைச் செலவழிப்பதும் மீறல்தான். மறுசீராய்வுக்குப் போகும்போது அந்த ஒரு மாதச் சம்பளம்தான் உங்களுக்கு எதிராக முதலில் நிற்கும். பணம் அனுப்பிவரும் அமைப்புக்கு இனி அனுப்ப வேண்டாம் என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். தொலைபேசியில் சொன்னால் போதாது, தேதியோடு சான்று வேண்டும்.

அடுத்தது, நிராகரிப்பு வேறு, ரத்து வேறு. பதிவை ரத்து செய்தால் 3 ஆண்டுகளுக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. புதுப்பிப்பை மறுத்தால் அந்தத் தடை இல்லை. உங்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. சட்டத்தின் 32வது பிரிவின்படி, உத்தரவு கிடைத்த ஓராண்டுக்குள் மத்திய அரசிடமே மறுசீராய்வு மனு போடலாம். சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். புதிதாகவும் விண்ணப்பிக்கலாம். அதற்கு நிறுவனம் 3 ஆண்டு இயங்கியிருக்க வேண்டும், அந்த 3 ஆண்டுகளில் முக்கிய நோக்கங்களுக்காகக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். மறுத்தால் காரணத்தைப் பதிவு செய்து நகல் தர வேண்டும் என்று 12வது பிரிவு சொல்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் தரவேண்டியிராத காரணங்களை மட்டும் சொல்லாமல் விடலாம். ஆகவே அந்த ஒற்றை வரிக்கு விளக்கம் கேட்பதிலிருந்து மனு தொடங்கட்டும்.

மனு எழுதும் முன், கடைசி 5 ஆண்டு எஃப்சி-4 எனும் ஆண்டறிக்கைகளையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் அருகருகே வைத்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். சிக்கல் பெரும்பாலும் நான்கு இடங்களில் இருக்கும். எஃப்சி கணக்கில் வந்த வட்டியை வெளிநாட்டு நிதியாகக் காட்டாமல் விட்டிருப்பார்கள். உள்ளூர் நன்கொடை ஒன்று தவறுதலாக அந்தக் கணக்குக்குப் போயிருக்கும். பொதுக் கணக்கிலிருந்து கைமாற்றாகப் போட்டு, பிறகு எடுத்திருப்பார்கள். அறங்காவலர் மாறியதை 45 நாளுக்குள் எஃப்சி-6ஈ படிவத்தில் தெரிவித்திருக்க மாட்டார்கள். பணமே வராத ஆண்டுக்கும் டிசம்பர் 31க்குள் பூஜ்ய அறிக்கை போட்டாக வேண்டும் என்பதும் பலருக்கு மறந்துபோகிறது. 2022 ஜனவரி 1ஆம் தேதி நாடு முழுக்க ஏறத்தாழ 6 ஆயிரம் அமைப்புகள் எஃப்சிஆர்ஏ பட்டியலிலிருந்து வெளியேறின. அவற்றில் மிகப் பெரும்பாலானவை புதுப்பிக்க விண்ணப்பமே போடாதவை. பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்கு எழுத ஆள் வைக்க முடியாத நிலையும் அதற்குக் காரணம்.

அந்த நிலை எப்படி வந்தது என்பது உங்கள் அறங்காவலர்களுக்குத் தெரிய வேண்டும். 2020 செப்டம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. வாடகை, மின்கட்டணம், கணக்காளர் சம்பளம், தணிக்கைக் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம் எல்லாமே அந்த 20க்குள் அடங்க வேண்டும். படிவங்கள் கூடுகின்றன, அவற்றை நிரப்புபவரின் சம்பளத்துக்கு இடம் குறைகிறது. பள்ளி ஆசிரியர், மருத்துவமனை மருத்துவர்போல நோக்கத்தை நேரடியாக நிறைவேற்றுபவர்களின் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது. ஆனால் பணி நியமனக் கடிதத்தில் "திட்ட மேலாளர்" என்று போட்டுவிட்டு, அவர் மாலையில் பாடம் நடத்துகிறார் என்று பிறகு விளக்கினால் எடுபடாது. கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. உங்கள் 11 பேரின் நியமனக் கடிதங்களையும் எடுத்துப் பாருங்கள்.

அதே திருத்தம் செய்த இன்னொன்று இதைவிடப் பெரிய அடி. அதற்கு முன், எஃப்சிஆர்ஏ பதிவுள்ள ஒரு பெரிய அமைப்பு, பதிவுள்ள சிறிய அமைப்புகளுக்கு நிதியைப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. நுங்கம்பாக்கத்திலோ கீழ்ப்பாக்கத்திலோ இருந்த அமைப்பு ஆங்கிலத்தில் திட்டம் எழுதி, அறிக்கை கொடுத்து, தணிக்கையைப் பார்த்துக்கொள்ளும். காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் இருந்த குழு வேலையைப் பார்க்கும். அந்தக் கைமாற்றம் ஒரே நாளில் சட்டவிரோதமானது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் திருத்தங்களைச் செல்லும் என்றே சொன்னது. பொறுப்பாளர்கள் ஆதாருக்குப் பதில் கடவுச்சீட்டைக் காட்டலாம் என்பது மட்டுமே கிடைத்த சலுகை. பெரிய அமைப்புகளும் தப்பவில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வேர்ல்ட் விஷன் இந்தியாவின் பதிவு 2024 ஜனவரியில் ரத்தானது.

இனி உங்கள் கேள்வி. அறங்காவலர்கள் சொல்வது தவறு என்றே நினைக்கிறேன். அவர்களுடைய பயம் நியாயமானது, அதற்குக் கண்டுபிடித்த மருந்துதான் தவறு.

வாரிய அலுவலகத்துக்குப் போகும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். மஞ்சப்பையில் ரேஷன் அட்டை நகல், வாக்காளர் அட்டை, பழைய மின்கட்டண ரசீது. பயோமெட்ரிக் கணக்கெடுப்பு நடந்த அன்று அவர் வீட்டு வேலைக்குப் போயிருந்தார், பட்டியலில் பெயர் இல்லை. தனியாகப் போனால் "நாளைக்கு வாங்க" என்பார்கள். நாளைக்குப் போனால் இன்னொரு நாள் கூலி போகும். உங்கள் ஊழியர் கூடப் போனால் மனு எழுத்தில் போகிறது, நகலில் தேதி முத்திரை விழுகிறது. முத்திரை விழுந்த நகல் இருந்தால், அந்த மனு என்ன ஆயிற்று என்று 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம், 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீட்டுக்கும் போகலாம். மக்கள் கூடவும் கேள்வி கேட்கவும் உள்ள குடிமை வெளி சுருங்குகிறது என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்களே, வியாசர்பாடியில் அது அந்த முத்திரை விழாமல் போவதுதான்.

டியூஷன் மட்டும் என்ற கணக்கும் நிற்காது. கல்வியாண்டின் நடுவில் ஒரு தெருவைக் காலி செய்து, மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் உள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பினால் உங்கள் மையத்துப் பிள்ளைகள் 25 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விடுகிறார்கள். மையத்தில் பாய் இருக்கும், பலகை இருக்கும், பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். வீடு பற்றிப் பேசாமல் படிப்பு பற்றி மட்டும் பேச முடியும் என்று நினைப்பவர்கள் வருகைப் பதிவேட்டைப் பார்க்கவில்லை.

செய்யக்கூடியது, பணத்தைப் பிரித்து வேலையைச் சேர்த்து வைத்திருப்பது. படிப்பு மையத்துக்கு சிஎஸ்ஆர் பணம் வாங்குங்கள். கல்வி, கம்பெனிகள் சட்டத்தின் சிஎஸ்ஆர் பட்டியலில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒன்றை மட்டும் பாருங்கள். "இத்திட்டத்தின் நிதியை" வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்றிருந்தால் சரி. "நிறுவனம்" எந்தப் போராட்டத்திலும் மனுவிலும் ஈடுபடக் கூடாது என்றிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். திருத்த மறுத்தால் வேறு கம்பெனியைப் பாருங்கள்.

வீட்டு உரிமை வேலையை உள்ளூர்ப் பணத்தில் மட்டும் நடத்துங்கள். இரண்டு களப்பணியாளர் தலா 20 ஆயிரம், ஒரு அறை வாடகை 12 ஆயிரம், பஸ், ஜெராக்ஸ், தபால் 8 ஆயிரம். மாதம் 60 ஆயிரம். மாதம் 300 ரூபாய் தர 200 பேர் வேண்டும். 19 ஆண்டு நடந்த மையத்தில் முதலில் படித்த பிள்ளைகள் இப்போது சம்பாதிக்கிறார்கள், அவர்களிடமிருந்து தொடங்குங்கள். பான் எண் வாங்கி, ரசீது கொடுத்து, நன்கொடையாளர் பட்டியலை மே 31க்குள் வருமான வரித் துறையில் ஏற்றுங்கள். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம் ஏறும். ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடையாது.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. பழைய மாணவர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து 5000 ரூபாய் அனுப்புகிறார். இந்தியக் குடிமகனாகத் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி அல்ல. அவர் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியிருந்தால் அதே 5000 வெளிநாட்டு நிதி, இப்போது உங்களால் வாங்கவே முடியாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவரும் அப்படித்தான். நம்மூர் வங்கிக் கணக்கிலிருந்து யூபிஐயில் போட்டாலும் குடியுரிமைதான் கணக்கு. க்யூஆர் கோடை வாட்ஸப் குழுக்களில் பொதுவாகப் போடாதீர்கள். வெளிநாட்டில் இருப்பவர் என்றால் கடவுச்சீட்டு நகல் வந்த பிறகே கணக்கு எண்ணைக் கொடுங்கள்.

"போராட்டம் நடத்தினால் அரசியல் அமைப்பு என்று முத்திரை குத்திவிடுவார்கள்" என்றும் அறங்காவலர்கள் சொல்லக்கூடும். 2020 மார்ச்சில் இன்சாஃப் என்ற அமைப்பின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. மக்கள் உரிமைக்காக மறியலோ வேலைநிறுத்தமோ ஆதரித்தது மட்டுமே ஒரு அமைப்பை அரசியல் அமைப்பாக்காது, அரசியல் அமைப்பு வெளிநாட்டு நிதி வாங்கக் கூடாது என்ற விதி, கட்சி அரசியலோடு தொடர்பிருந்தால்தான் பொருந்தும் என்றது. அந்தத் தீர்ப்பின் நகலை அடுத்த கூட்டத்தில் எல்லார் கையிலும் கொடுங்கள்.

காவல் துறை அனுமதி பற்றிச் சுருக்கமாக. சென்னையில் 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம், 41வது பிரிவுதான் இன்னும் ஆள்கிறது. பொது இடத்தில் கூடுவதற்கு 5 நாள் முன்பே எழுதிக் கேட்க வேண்டும். தடை உத்தரவை ஒருமுறைக்கு 15 நாள் என்று போட்டு, மறுபடி மறுபடி நீட்டிக்கிறார்கள். 2017க்குப் பிறகு மெரினா கிடையாது. வள்ளுவர் கோட்டம், சேப்பாக்கம், எழும்பூர் ராஜரத்தினம் மைதானம் பக்கம் என்று சில இடங்களே மிச்சம். நீங்கள் 5 நாள் முன்பு கொடுக்காமல் 10 நாள் முன்பு கொடுங்கள். கடைசி நாள் மாலையில் வாய்மொழியாக "இல்லை" என்றால் நீதிமன்றம் போக நேரம் இருக்காது. எழுத்தில் மறுப்பு கேளுங்கள், எழுத்து இருந்தால்தான் வழக்கு நிற்கும். மண்டபத்துக்காரரிடமும் கோபப்படாமல், எந்தச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தராவிட்டால், நிலையத்துக்கு ஒரு தகவல் கடிதம் கொடுத்து ஒப்புகை பெற்று, அந்த நகலை அவரிடம் கொடுங்கள். பல நேரம் அவருக்கு வேண்டியது அந்த ஒரு தாள்தான்.

11 பேரிடமும் இந்த வாரமே உண்மையைச் சொல்லுங்கள். எத்தனை மாதச் சம்பளம் உறுதி, யாருக்கு உறுதி இல்லை என்று. 5 ஆண்டு முடித்தவர்களுக்குப் பணிக்கொடை தர வேண்டியிருக்கும், அதைக் கடன் பட்டியலில் முதலில் எழுதுங்கள். பிறகு மையத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்களைக் கூப்பிட்டு அவர்களிடமும் சொல்லுங்கள், வதந்தியாக அவர்கள் காதுக்குப் போகும் முன்பு. 200 பேர் பட்டியலில் அவர்களும் இருக்கட்டும். 50 ரூபாய் கொடுத்தாலும் ரசீது எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்